விடையாற்றி

திருக்கோயில்களில் பெருவிழா நிறைவுற்றபின் நடைபெறும் விடையாற்றி உற்சவத்தை வாசக அன்பர்கள் பலமுறை தரிசித்திருப்பீர்கள். கொடியேற்றம் முதல் தேரோட்டம், தீர்த்தவாரி வரையில் திரண்டு வரும் கூட்டம் அன்று இராது. வாகனங்கள் மண்டபத்திற்குத் திரும்பியிருக்கும். பந்தற்காரர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க் கடைக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டிருப்பார்கள். அந்த அமைதியில், பல நாள் வீதிவலம் வந்த உற்சவ மூர்த்திக்கு இளைப்பாறுதலாகக் குளிர்ந்த அபிஷேகமும் எளிய அலங்காரமும் நாதசுர இசையும் நடைபெறும். விடாய் என்பது களைப்பையும் தாகத்தையும் குறிக்கும் சொல். அதனை ஆற்றுவது விடாயாற்றி. மக்கள் வழக்கில் அதுவே விடையாற்றி ஆயிற்று.

ஒரு நற்காரியத்தைத் தொடங்குவதற்கு முறை வகுத்த நம் முன்னோர், அதனை முடிப்பதற்கும் முறை வகுத்தார்கள். ஏற்றிய கொடியை மந்திரபூர்வமாக இறக்க வேண்டும். காப்புக் கட்டிக்கொண்டவர் அதனை முறைப்படி களையும் வரையில் ஊரெல்லையைத் தாண்டலாகாது. எந்தத் தேவதைகளை ஆவாகனம் செய்து அழைத்தோமோ அவர்களை உபசரித்து வழியனுப்ப வேண்டும். நடுவில் எழுந்து போய்விடுவதை நம் சமயம் ஒருபோதும் ஏற்றதில்லை. கோயிலில் நாம் காணும் இந்த ஒழுங்கினை, கோயிலுக்கு வெளியே நிகழும் ஒரு தொண்டோடு பொருத்திப் பார்க்க இவ்வாரம் விழைகிறேன்.

நம் இல்லத்துப் பேரப்பிள்ளைகளுள் பலர் இக்காலத்தில் படிப்பின் இடையிலோ, படிப்பு முடிந்த பின்னரோ, வேற்றூருக்குச் சென்று சில நாட்களோ சில மாதங்களோ தங்கித் தொண்டு செய்கின்றனர். நாட்டு நலப்பணித் திட்டம் என்பதனை நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று அது தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் ஏதேனும் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமிட்டுத் தங்க வேண்டும். குளம் தூர்வாருதல், கோயில் வளாகத்தைத் தூய்மை செய்தல், மரக்கன்று நடுதல் முதலிய பணிகளை ஆங்கே செய்வர். அத்திட்டத்தின் சின்னம் கோணார்க் சூரியனார் கோயில் தேர்ச்சக்கரத்தின் வடிவத்தில் அமைந்தது என்பது நம்மவர் பலர் கவனித்திராத செய்தி.

இவ்வாறு இளைஞர் கூடித் தங்கித் தொண்டு செய்யும் வழக்கம் உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. முதல் உலகப் போரில் அழிந்த வெர்டன் நகருக்கு அருகே, எஸ்ன் என்னும் கிராமத்தை மீண்டும் எழுப்புவதற்காக 1920ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டவரான பியர் செரசோல் என்பவர் சிலரைத் திரட்டிச் சென்றார். போரில் எதிரெதிர் நின்ற நாடுகளைச் சேர்ந்தோர் அங்கே ஒன்றாகக் கல் சுமந்தனர். அதே செரசோல், 1934ஆம் ஆண்டு சனவரியில் பீகாரைச் சிதைத்த நிலநடுக்கத்திற்குப் பிறகு நம் நாட்டிற்கு வந்து, வீடிழந்த கிராம மக்களோடு தங்கி அவர்களுடைய ஊரைக் கட்டித் தந்தார். நம் மரபிலோ, கையில் உழவாரம் ஏந்தி ஊர் ஊராகச் சென்று திருக்கோயில் முற்றங்களைச் செதுக்கித் தூய்மை செய்த அப்பர் பெருமான் இத்தொண்டிற்கு ஆதி குரு ஆவார். அவர் ஒவ்வோர் ஊரிலும் தங்கினார், தொண்டு செய்தார், பின்பு அடுத்த ஊருக்கு நடந்தார்.

தொண்டின் பெருமையைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. தங்கிய ஊரை விட்டுப் புறப்படும் வேளையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனைப் பற்றி எண்ணுவதற்கு நம் தென்காசிச் சீமையில் ஒரு தக்க இடம் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியின் பெருமை, அதன் கோபுர வாசலில் ஓயாது வீசும் காற்றையும் குற்றாலத்துச் சாரலையும் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனி பிறந்து மேற்கே திரிகூட மலையில் மேகம் கவிந்துவிட்டால், பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். சாரல் ஓய்ந்ததும் கூட்டம் கலைந்துவிடும். குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும், சித்திரசபையின் ஓவியங்களும், அங்கேயே வாழும் மக்களும் எஞ்சியிருப்பார்கள். வருவோரை வரவேற்பதும் போவோரை வழியனுப்புவதும் அம்மண்ணிற்குப் பழகிப்போன வாழ்க்கை.

அதே தென்காசிக்கு அருகே ஆய்க்குடி இருக்கிறது. பாலசுப்பிரமணிய சுவாமி திருக்கோயிலால் புகழ்பெற்ற ஊர். அங்கு அனுமன் நதிப் படித்துறையில் நிறைவேற்றப்படும் படிப்பாயசப் பிரார்த்தனை வேறெங்கும் காண்பதற்கரியது. படிக்கட்டைத் தூய்மை செய்து அதில் பாயசத்தை வார்க்க, ஊர்க் குழந்தைகள் வரிசையாக அமர்ந்து அதனைக் குனிந்து உண்பார்கள். குழந்தை வரம் வேண்டியும், பிள்ளைகள் நலம் வேண்டியும் செய்யப்படும் நேர்த்திக்கடன் இது. எந்த வீட்டுக் குழந்தை உண்கிறது என்று எவரும் கேட்பதில்லை. உண்ணும் குழந்தை முருகனே என்பது நம்பிக்கை.

அந்த ஆய்க்குடியில்தான் அமர் சேவா சங்கம் இயங்கி வருகிறது. அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975ஆம் ஆண்டில், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் பொருட்டுப் பெங்களூருக்குச் சென்றார். அங்கு நடந்த உடல்திறன் சோதனையில் அடிபட்டுத் தண்டுவடம் பாதிக்கப்பெற்றது. கழுத்திற்குக் கீழே உடல் செயலிழந்தது. இராணுவ மருத்துவமனையில் தமக்கு மருத்துவம் செய்து மனத்திடம் ஊட்டிய ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் நினைவாகவே, பின்னாளில் தாம் தொடங்கிய சங்கத்திற்கு அமர் என்று பெயரிட்டார். 1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டிலேயே, விரல் விட்டு எண்ணத்தக்க சில குழந்தைகளோடு ஆய்க்குடியில் சங்கம் தோன்றிற்று. தசைச்சிதைவு நோயால் தாமும் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கரான சங்கரராமன் பின்னர் வந்து இணைந்தார். இன்று அங்கே பள்ளி, மாணவர் இல்லம், இயன்முறைச் சிகிச்சை, தொழிற்பயிற்சி, சுற்றுப்புறக் கிராமங்களில் வீடு தேடிச் சென்று இளங்குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கும் பணி எனப் பலவும் நடைபெறுகின்றன. இராமகிருஷ்ணன் அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இச்சங்கத்திற்கு நம் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், கனடா முதலிய வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் தொண்டர்களாக வந்து தங்கிச் செல்கின்றனர். இயன்முறைச் சிகிச்சை பயில்வோர், ஆசிரியப் பயிற்சி பெறுவோர், கணினி கற்றோர் எனப் பலதரத்தார். வளாகத்திலேயே தங்கி, அங்கே சமைக்கும் உணவையே உண்டு, அக்குழந்தைகளோடு காலம் கழிக்கின்றனர்.

அப்படிச் சென்ற ஒரு பேத்தியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ போனவள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் கொசுவும் வெயிலும் காரமான குழம்பும் அவளை வாட்டுகின்றன. இரவில் தலையணையை நனைக்கிறாள். இரண்டாம் மாதத்தில், மேற்குத்தொடர்ச்சி மலையில் மேகம் இறங்கும் நேரத்தைக் கண்டு மழை எப்போது வரும் என்று சொல்லத் தெரிந்துவிடுகிறது. தெருமுனைக் கடைக்காரர் அவளைக் கண்டதும் கேளாமலே சர்க்கரை குறைத்துத் தேநீர் ஆற்றுகிறார். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் அம்மாள், “ஏட்டி, இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கோ, இப்படி மெலிஞ்சு போனா உங்க ஆச்சி என்னைல்லா ஏசுவா” என்கிறாள். தோளில் கைவைத்து முதன்முதலாக மூன்றடி நடந்த ஒரு சிறுவன் அவளை அக்கா என்று அழைக்கிறான். ஏதோ ஒரு நாளில், தன்னையறியாமல், “நான் வீட்டுக்குப் போறேன்” என்று அவள் சொல்லும்போது வீடு என்பது அந்தச் சிறிய அறையைக் குறிக்கத் தொடங்கிவிடுகிறது.

அதன்பின் புறப்படும் நாள் வருகிறது. பயணச்சீட்டு வாங்கும்போதே தேதி குறிக்கப்பட்டிருந்த நாள்தான். ஆயினும் திடீரென்று வந்ததுபோல் தோன்றுகிறது.

இந்த இடத்தில் நாம் ஒன்றை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். போகிறவளுக்கு ஒரு பிரிவு. அங்கேயே இருக்கும் குழந்தைக்கோ அது பத்தாவது பிரிவாக இருக்கலாம். அவள் வருவதற்கு முன்பும் ஓர் அக்கா வந்து, கதை சொல்லி, படம் எடுத்து, கண்ணீரோடு கையசைத்துப் போயிருப்பாள். அவள் போன பிறகும் ஒருத்தி வருவாள். பெரியவர்களுக்குத் தொண்டராகத் தோன்றுபவர், அச்சிறுவனின் கண்ணுக்கு வந்து வந்து போகிற உறவு. குழந்தைகள் இல்லங்களில் குறுகிய காலம் தங்கித் தொண்டு செய்வது நன்மையா, அல்லது ஒட்டி ஒட்டிப் பிரிவதால் பிஞ்சு மனம் புண்படுமா என்னும் கேள்வியை இன்று பல நாடுகளில் எழுப்பியிருக்கிறார்கள். எழுப்பத்தக்க கேள்விதான். அழுதுகொண்டே அணைத்து, “அக்கா அடுத்த மாசமே வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு வராமற்போனால், அச்சொல்லை நம்பி வாசலைப் பார்த்திருக்கும் ஒரு பிள்ளைக்கு நாம் செய்தது தொண்டாகுமா?

நம் தமிழில் புறப்படுகிறவர் போகிறேன் என்று சொல்வதில்லை. போய் வருகிறேன் என்றே சொல்வர். அது மங்கல வழக்கு. ஆனால் அச்சொல்லில் ஒரு வாக்கும் அடங்கியிருக்கிறது. அதனை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கற்பதற்கு நம்மிடம் இராம காதை இருக்கிறது.

கங்கைக் கரையில் குகன் இராமபிரானைச் சந்தித்த கட்டத்தை அன்பர்கள் நன்கறிவர். தேனும் மீனும் கொண்டு வந்து நிற்கிறான் வேடர் தலைவன். பெருமான் அவனது அன்பையே உணவாக ஏற்றுக்கொள்கிறார். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நிற்கிறான். மறுநாள் ஓடத்தில் அக்கரை சேர்க்கிறான். அவ்வளவே பழக்கம். ஆயினும் பிரிய மனமின்றி, காட்டிற்கு நானும் வருகிறேன் என்று குகன் மன்றாடும்போது பெருமான் என்ன செய்தார் என்று கம்பநாட்டாழ்வார் காட்டும் முறை எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

முதலில் உறவை உறுதிப்படுத்தினார். நால்வராக இருந்த உடன்பிறப்பில் குகனையும் சேர்த்து ஐவராக்கினார். இலக்குவனும் பிராட்டியும் இனி அவனுக்கும் சுற்றமே என்றார். பழகிய காலம் சிறிது என்பதனால் உறவு சிறிதாகிவிடுவதில்லை என்பதனை அங்கே உணர்த்தினார்.

அடுத்து, இருக்கிறவனுக்கு அவன் இருக்குமிடத்திலேயே பெருமை தந்தார். அயோத்தியிலுள்ள சுற்றத்தைக் காக்கப் பரதன் இருக்கிறான், இங்குள்ள சுற்றத்தைக் காக்க உன்னையன்றி யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தாம் போய்விட்டால் குகன் ஒன்றுமில்லாதவனாகிவிடுவான் என்னும் எண்ணத்திற்கே இடந்தரவில்லை. பரதனுக்கு நிகராக அவனை நிறுத்திவிட்டுப் புறப்பட்டார்.

பின்னர், தம்மால் காக்க முடிந்த வாக்கு ஒன்றை மட்டும் தந்தார். காடு சென்ற காலம் முடிந்து திரும்பும்போது உன்னிடம் வருவேன் என்றார். நாளையே வருவேன் என்று ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டு முழுவதும் கழிய வேண்டும் என்பதனை மறைக்கவுமில்லை. இராவண வதம் முடிந்து திரும்புகையில், பரதனிடம் தூது செல்லும் அனுமனை நோக்கி, வழியில் சிருங்கிபேரபுரத்தில் குகனிடம் நம் நலத்தைச் சொல் என்று இராமபிரான் பணித்ததாக வால்மீகி முனிவர் பாடியிருக்கிறார். அரியணை காத்திருந்த நேரத்திலும் ஓடக்காரனை அவர் மறக்கவில்லை.

ஆய்க்குடியிலிருந்து புறப்படும் பிள்ளைகளுக்கும் இதுவே வழி. புறப்படும் தேதியை முதல் நாளிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது. நாட்காட்டியில் அந்த நாளை வட்டமிட்டுக் காட்டினால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். மீண்டும் வருவது உறுதியில்லையாயின், வருவேன் என்று சொல்லாதிருப்பதே அன்பு. மாதம் ஒரு கடிதம் எழுத முடியுமானால் அதனைச் சொல்லலாம், சொன்னபடி எழுதவும் வேண்டும். ஒரு குழந்தை தன் கையால் செய்ததைப் பரிசாகத் தந்தால், வேண்டாம் என்று மறுக்காமல் இரு கையேந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பதில் உள்ள பெருமையை அக்குழந்தைக்கும் அளிப்பது அதுவேயாகும்.

ஆய்க்குடி என்னும் பெயரைச் சொன்னவுடன் பழந்தமிழ் கற்றோர்க்கு ஆய் அண்டிரன் நினைவிற்கு வருவான். பொதியமலைத் தலைவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். நாகம் நல்கிய கிடைத்தற்கரிய நீல ஆடையைத் தான் உடுத்தாமல், ஆலமர்செல்வராகிய சிவபெருமானுக்குச் சாத்தி மகிழ்ந்தவன் என்று சிறுபாணாற்றுப்படை அவனைப் போற்றும். அவனது ஆய்குடி இவ்வூரே என்பது இம்மக்கள் பெருமையோடு போற்றும் மரபு.

அவனைப் புறநானூற்றில் பாடியவர்களுள் முதன்மையானவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பெயரின் முன்னுள்ள அடைமொழியைக் கொண்டு அவர் கால் ஊனமுற்றவராக இருந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். அவ்வள்ளலின் ஊரை உயர்த்திப் பாடிய புலவரின் பெயரிலேயே அந்த அடைமொழி நிலைத்திருக்கிறது. அதே பெயர் கொண்ட ஊரில் இன்று சக்கர நாற்காலியில் அமர்ந்த இருவர் ஆயிரக்கணக்கானோர்க்கு வழிகாட்டியிருக்கின்றனர். இறைவன் திருவுள்ளத்தை யாரே அறிவார்!

ஆயைப் பற்றி முடமோசியார் சொன்ன ஒரு கருத்து நமக்கு இன்றியமையாதது. இம்மையில் கொடுத்தால் மறுமையில் பயன் கிட்டும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் அறவணிகன் அல்லன் ஆய். சான்றோர் சென்ற நெறி இதுவென்று எண்ணியே அவன் கொடுத்தான். புண்ணியத்தையே விலைபேசுதல் கூடாது என்றால், சான்றிதழுக்காகவும் மேற்படிப்புச் சேர்க்கைக்காகவும் கைபேசியில் படம் இடுவதற்காகவும் செய்யும் தொண்டினை என்னவென்று சொல்வது? சான்றிதழ் வாங்குவது குற்றமன்று. இளைஞர் வாழ்வில் அதற்கும் பயன் உண்டு. ஆனால் அது கிடைத்தவுடன் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணினால், அந்தப் பிள்ளை ஆய்க்குடியில் தங்கிய காலம் ஒரு வியாபாரம் ஆகிவிடும். ஆண்டுகள் கழிந்தும் அங்குள்ள ஒருவனின் பெயர் நினைவிருக்கிறதா என்பதனைக் கொண்டே வேறுபாட்டை அறியலாம்.

இன்னொரு துயரும் புறப்படுவோர் மனத்தில் இருக்கும். தொடங்கிய வேலை முடியவில்லையே என்பது. சிறுவன் மூன்றடி நடந்தான், பத்தடி நடப்பதைப் பார்க்க முடியாது. ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள், அவள் கதைப் புத்தகம் படிக்கும் நாளில் வேறொருவர் அருகில் அமர்ந்திருப்பார். இந்தத் துயருக்கு மருந்து தென்காசிக் கோயிலிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

காசிக்குச் செல்லும் அடியார் பலர் வழியிலேயே உயிர் துறப்பதனால், தெற்கே ஒரு காசி காண்பாயாக என்று இறைவன் கனவில் பணித்ததாகவும், எறும்பின் சாரை காட்டிய வழியே சென்று சிவலிங்கத்தைக் கண்டதாகவும் பராக்கிரம பாண்டியனைப் பற்றிய தல வரலாறு கூறும். பதினைந்தாம் நூற்றாண்டில் அம்மன்னன் எழுப்பிய காசி விசுவநாதர் திருக்கோயிலில் அவன் வெட்டுவித்த பாடல்கள் உள்ளன. கோயில் கட்டிய வேந்தர் தம் பெருமையைப் பொறிப்பது வழக்கம். இவனோ எதிர்காலத்தை நோக்கி விண்ணப்பம் செய்கிறான். இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின், அப்போது வந்து அதனைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைத் தான் அடிபணிவதாக, எல்லோரும் அறியச் சொல்கிறான். பிறந்திராதவர்களின் காலில், ஊர் பேர் தெரியாதவர்களின் காலில், முடியணிந்த மன்னன் விழுகிறான்.

அவன் அஞ்சியவாறே பிற்காலத்தில் கோபுரம் தீயினால் சிதைந்தது. நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றதனை மூத்த வாசகர்கள் கண்டிருப்பீர்கள். பிறகு அன்பர்கள் பலர் முயன்று ஒன்பது நிலைகளோடு அதனை மீண்டும் எழுப்பி, 1990ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடத்தினார்கள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மன்னன் செய்த வணக்கம் அன்று உரியவர்களைச் சென்று சேர்ந்தது. தொண்டினை விட்டுச் செல்லும் ஒவ்வொருவரும் தம் பின்வருவோரை இவ்வாறு வணங்கிச் செல்லலாம். பேத்தி புறப்படும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். இந்தச் சிறுவனுக்கு வலக்கால் எளிதில் களைக்கும், பாட்டுப் பாடினால் இன்னும் இரண்டடி நடப்பான், இருட்டுக்கு அஞ்சுவான் என்று. அடுத்து வருபவள் அதனைப் படித்து, முதல் நாளிலேயே அவனோடு பாடத் தொடங்குவாள். பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டிற்கு அந்த நோட்டுப் புத்தகம் சிறிதும் குறைந்ததன்று.

இனி, வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றி நம்மைப் போன்ற மூத்தவர்களிடம் சில சொல்ல வேண்டும். விடையாற்றி நடத்த வேண்டியவர்கள் நாம்தான். பல மாதம் வேற்றூரில் இருந்து திரும்பிய பேரனோ பேத்தியோ சில நாள் பேசாமல் இருக்கலாம். வீட்டுச் சாப்பாடு பிடிக்காததுபோல் தோன்றலாம். குளிரூட்டிய அறையில் தூக்கம் வராமல், ஆய்க்குடியில் மின்விசிறிக்கடியில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லலாம். அதனைக் குறையாக எண்ணிப் பெற்றோர் மனம் நோகக்கூடும். “இங்க என்னடா குறைச்சல்?” என்று கேட்டுவிடவும் கூடும். அப்போது தாத்தாவும் பாட்டியும் நடுவில் நின்று பிள்ளையைக் காக்க வேண்டும்.

முதல் நாளே, என்ன சம்பாதித்தாய், இதனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காதீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். இரசஞ்சோறு பிசைந்து கொடுங்கள். அங்கிருந்த குழந்தைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெயர் சொல்லத் தொடங்கினால் கதை தானே வரும். ஒரே கதையை மூன்று முறை சொன்னாலும் முதன்முறை கேட்பதுபோல் கேளுங்கள். நம் கதைகளை அவர்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்! வாய்ப்பிருந்தால் அடுத்த சாரல் காலத்தில் குடும்பத்தோடு குற்றாலம் சென்று அருவியாடி, குற்றாலநாதரைத் தொழுது, தென்காசியில் விசுவநாதரையும் உலகம்மையையும் தரிசித்து, ஆய்க்குடி முருகனையும் வணங்கி, அந்தப் பிள்ளை தங்கிய இடத்தை அவள் கையாலேயே காட்டச் சொல்லிப் பாருங்கள். அவளுடைய இரண்டாவது வீட்டை நாம் மதித்தோம் என்பது அவளுக்கு ஆயுள் முழுவதும் நினைவிருக்கும்.

ஊரில் இருந்து வழியனுப்புவோர்க்கும் ஒரு சொல். நாட்டு நலப்பணி முகாமிற்காக உங்கள் ஊர்ப் பள்ளியில் மாணவர்கள் ஏழு நாள் தங்கினால், எட்டாம் நாள் காலை அவர்கள் வண்டியேறும்போது ஊரார் சிலரேனும் சென்று நில்லுங்கள். கோயிலில் அவர்கள் பெயரில் ஓர் அர்ச்சனை செய்து திருநீறு இடுங்கள். நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு, உறவினரல்லாத ஒரு முதியவர் தலையில் கைவைத்து ஆசி கூறுவது அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும்.

இவ்வளவும் இளைஞர்க்கென்று எழுதிக்கொண்டு வருகையில், இது நம்மைக் குறித்ததாகவும் இருப்பதனை உணர்கிறேன். நம் வாசகர்களுள் பலர் அறுபது ஆண்டு வாழ்ந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ சென்றவர்கள். சிலர் முதியோர் இல்லத்தில் ஓர் அறையில் இருப்பவர்கள். துளசி மாடத்தையும் கிணற்றடியையும் விட்டு வந்த வலி உங்களுக்குத் தெரியும். நான்கு மாதம் தங்கிய அறைக்காக ஒரு பேத்தி கண்ணீர் விட்டால், அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று மற்றவர் சிரிக்கலாம். நம்மால் சிரிக்க முடியாது. அந்தக் கண்ணீரை அந்த வீட்டில் முதலில் புரிந்துகொள்ளக்கூடியவர் நாமே. அவளருகில் சென்று அமர்ந்து, “நானும் இப்படித்தான் ஊரை விட்டு வந்தேம்மா” என்று தொடங்கினால், அறுபது வயது இடைவெளியுள்ள இருவர் அன்றைக்கு ஒரே திண்ணையில் அமர்ந்தவர்கள் ஆவோம்.

இவ்வுடலும் சில காலம் தங்கும் சத்திரம் என்று பெரியோர் சொல்லியிருக்கின்றனர். சத்திரம்தானே என்று அதனை அலட்சியம் செய்யச் சொன்னதில்லை. தங்கும் நாள்வரை கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வைக்கவும், அடுத்து வருபவர்க்குத் தண்ணீர்க் குடத்தை நிறைத்து வைத்துப் புறப்படவும் சொன்னார்கள். ஆய்க்குடிக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் தொண்டு செய்யச் செல்லும் நம் பிள்ளைகள் அவ்வாறே இருந்து, அவ்வாறே விடைபெற்று, நலமாக வீடு திரும்பக் குற்றாலநாதப் பெருமானும் ஆய்க்குடி வேலவனும் திருவருள் புரிவார்களாக.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம். போய் வருகிறேன்.